உறிஞ்சிய அழுக்கு எங்கே போகிறது?

வீட்டு நீச்சல் குளத்தைப் பராமரிப்பதில் அதிக நேரம் பிடிப்பது அடித்தூசியை வேக்யூம் போட்டு எடுக்கும் வேலைதான். எங்கள் குளத்தை முதலில் ஒருவர் வாரம் ஒருமுறை வந்து பார்த்துக்கொண்டார். அவர் வந்துபோன மாலையில் குளம் பளிச்சென்று இருக்கும். விடிந்தால் ஆழமான பக்கத்து மூலையில் அதே சாம்பல் நிறப் படலம். கேட்டால் “காத்து அடிச்சா தூசி விழத்தானே செய்யும்” என்பார். காற்றே இல்லாத நாட்களிலும் விழுந்தது. அவர் வேலையை விட்டுப் போனபின் நானே கம்பைக் கையில் எடுத்தேன். வேக்யூம் ஓடிக்கொண்டிருந்தபோது, ஃபில்டரிலிருந்து தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் துவாரத்தைப் பார்த்தால், அங்கிருந்து புகை மாதிரி மங்கலாக ஏதோ வெளியே வந்துகொண்டிருந்தது. அடியில் நான் உறிஞ்சியதெல்லாம் சுவர் வழியாகக் குளத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

கையால் போடும் வேக்யூமுக்குத் தனி இயந்திரம் கிடையாது. குளத்து மோட்டாரின் இழுவையைத்தான் ஒரு ஹோஸ் வழியாகத் தரைக்குக் கொண்டுபோகிறோம். தட்டையான தலை, நீளும் கம்பு, ஹோஸ், ஸ்கிம்மர் (நீர்மட்டத்தில் மேல்தண்ணீரை உள்ளிழுக்கும் சுவர்த் துவாரம்), மோட்டாரின் முன்னால் இருக்கும் கூடை, ஃபில்டர், பிறகு மறுபடி குளம். இதுதான் அழுக்கின் பயணப் பாதை. இலையும் பூச்சியும் கூடையில் நின்றுவிடும். மணலும் மண்ணும் ஃபில்டரில் நின்றுவிடும். சிக்கல் அதைவிட நுண்ணிய தூசியில்தான். மணல் ஃபில்டர் சுமார் 20 முதல் 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ளவற்றைத்தான் நம்பகமாகப் பிடிக்கும். கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் 10 முதல் 20 வரை இறங்கும். டயட்டம் மண் (நுண்பாசி ஓடுகளால் ஆன பொடி) போட்ட ஃபில்டர் 3 முதல் 5 மைக்ரான் வரை பிடிக்கும். செத்த பாசியின் தனிச் செல்கள் பலவும் சில மைக்ரான் அளவுதான். மணல் ஃபில்டர் வைத்திருப்பவர் செத்த பாசியை ஃபில்டர் வழியாக எத்தனை தடவை உறிஞ்சினாலும், பெரும்பகுதி ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து படியும்.

அதனால் ஹோஸை மாட்டுவதற்கு முன்பே, கிடப்பது என்ன தூசி என்று பார்த்துவிட வேண்டும். பிரஷ்ஷால் லேசாகத் தொட்டதும் மேகமாகக் கிளம்பிக் கலைந்து, தணிய நேரம் எடுத்தால் அது செத்த பாசி அல்லது மகரந்தம். விரலில் தேய்த்தால் வழுவழுப்பாக இருக்கும். நறநறவென்று இருந்து, கிளறியதும் உடனே அடியில் உட்கார்ந்துவிட்டால் மணல். அந்த மணல் எப்போதும் திரும்பும் துவாரத்துக்கு நேர் கீழேயே குவிந்தால், வெளியிலிருந்து வந்த மணலாக இருக்க வாய்ப்பு குறைவு. ஃபில்டர் தொட்டிக்குள் அடியில் இருக்கும் விரல் போன்ற குழாய்களில் ஒன்று உடைந்து, ஃபில்டர் மணலே குளத்துக்கு வருகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அதை வேக்யூம் போட்டுத் தீர்க்க முடியாது. தொட்டியைத் திறந்து மணலை அள்ளிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொடியாக இருந்து, கொஞ்சம் எடுத்து ஒரு துளி அமிலம் விட்டதும் நுரைத்தால் அது கால்சியம் படிவு. தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) ஏறிக் கிடக்கிறது என்பதற்கான அறிகுறி.

பாசித் தூசி என்று தெரிந்துவிட்டால் அதை ஃபில்டருக்கே அனுப்பக் கூடாது. மணல் ஃபில்டரின் தலையில் இருக்கும் பல வழி வால்வில் ‘வேஸ்ட்’ என்றொரு நிலை இருக்கும். அதில் வைத்தால் மோட்டார் இழுக்கும் தண்ணீர் ஃபில்டரைத் தொடாமல் நேராக வெளியேறிவிடும். அழுக்கு திரும்பி வர வழியே இல்லை. ஒரே தடவையில் எங்கள் குளத்தின் அடி ஓடு தெரிந்தது இப்படிச் செய்தபோதுதான். ஆனால் தண்ணீர் வேகமாக இறங்கும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலக் குளத்தில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்பது 320 லிட்டர். மோட்டார் நிமிடத்துக்கு 200 லிட்டர் இழுத்தால் பத்து நிமிடத்தில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். மட்டம் ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே இறங்கினால் மோட்டார் காற்றை இழுக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் அதன் சீல் கருகும். ஆகவே முந்தின நாளே ஸ்கிம்மர் வாயின் மேல் விளிம்பு வரை நீர் நிரப்பிவிடுவேன். வேலை நடக்கும்போதும் தோட்டத்துக் குழாயைக் குளத்தில் திறந்தே விட்டிருப்பேன். முடிந்தால் இன்னொருவரை சுவிட்சுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மட்டம் இறங்குவதைப் பார்த்துவிட்டு நாம் கம்பைப் போட்டுவிட்டு ஓடுவது நல்லதல்ல, ஈரத் தரையில் வழுக்கும்.

மோட்டார் ஓடும்போது அந்த வால்வின் கைப்பிடியைத் திருப்பவே கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் பிய்ந்துவிடும். அப்புறம் வடிகால் குழாயில் எந்நேரமும் தண்ணீர் கசியும், குளம் ஏன் குறைகிறது என்று வேறு எங்கேயோ தேடிக்கொண்டிருப்போம்.

கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி பெரும்பாலும் இல்லை. மோட்டாருக்கும் ஃபில்டருக்கும் நடுவில் ஒரு கிளை வால்வு போட்டுக் கொடுக்கச் சொல்லலாம். இல்லையென்றால் ஃபில்டர் வழியாகவே உறிஞ்சி, முடிந்ததும் கார்ட்ரிட்ஜை எடுத்து மடிப்பு மடிப்பாகக் கழுவ வேண்டியதுதான். அழுத்தமாகப் பீய்ச்சும் இயந்திரத்தால் கழுவினால் துணி கிழியும். சாதாரண ஹோஸ் போதும்.

இனி உறிஞ்சும் முறை. இதில் புதியவர்களைத் தடுக்கிற ஒரே விஷயம் ஹோஸுக்குள் இருக்கும் காற்று. பத்து மீட்டர் ஹோஸ் நிறையக் காற்றோடு ஸ்கிம்மரில் மாட்டினால், மோட்டார் அத்தனையையும் விழுங்கி இழுவையை இழந்துவிடும். நான் செய்வது இதுதான்: தலையைக் கம்பில் பூட்டுவேன். ஹோஸின் சுழலும் முனையைத் தலையில் மாட்டித் தரைவரை இறக்குவேன். மறுமுனையைத் தண்ணீர் திரும்பி வரும் துவாரத்தில் அழுத்திப் பிடிப்பேன். உள்ளே போகும் தண்ணீர் காற்றைத் தள்ளிக்கொண்டு போகும். அடியில் தலையிலிருந்து குமிழிகள் பொலபொலவென்று வரும். குமிழி நின்றபின் உள்ளங்கையால் முனையை மூடி, நீர்மட்டத்துக்கு மேலே தூக்காமல் ஸ்கிம்மருக்குக் கொண்டுபோய் மாட்டுவேன். துவாரம் எட்டாத இடத்தில் இருந்தால் ஹோஸை நெட்டுக்குத்தாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் இறக்கியும் நிரப்பலாம். நேரம் கூடும், அவ்வளவுதான்.

குளத்தின் அடியில் இருக்கும் வடிகாலின் வால்வை மூடிவிட்டால் முழு இழுவையும் ஸ்கிம்மருக்கு வரும். தலை தரையோடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால் இழுவை அதிகம். அந்த வால்வைச் சற்றுத் திறந்துவிடுங்கள். அந்த அடி வடிகாலின் மூடி உடைந்தோ கழன்றோ இருந்தால், சரிசெய்யும்வரை மோட்டாரைப் போடக் கூடாது, யாரையும் குளத்தில் இறங்க விடவும் கூடாது. தலைமுடியோ கையோ அதில் சிக்கினால், மோட்டார் ஓடும்வரை பெரியவர்களால்கூட இழுத்து விடுவிப்பது கஷ்டம்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுத் தரையைக் கூட்டுகிற பழக்கத்தில் சரசரவென்று தள்ளினால் தூசி எழும்பித் தண்ணீரில் கலந்துவிடும். பிறகு அது படியும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஆழம் குறைந்த பக்கத்தில் தொடங்கி, ஒவ்வொரு தடமும் முந்தின தடத்தின் மேல் கொஞ்சம் ஏறும்படி, மெதுவாக ஆழத்தை நோக்கிப் போகிறேன். தலைக்கு முன்னால் தூசி நகர்வது தெரிந்தால் வேகம் அதிகம் என்று பொருள். சக்கரம் வைத்த கனமான தலை ஓடு பதித்த குளத்துக்கும் சிமெண்ட் பூச்சுக்கும் சரி. வினைல் விரிப்புக் குளத்துக்கு அடியில் பிரஷ் வைத்த தலைதான் வேண்டும். சக்கரம் விரிப்பைக் கிழித்துவிடும்.

சுவரைப் பிரஷ்ஷால் தேய்ப்பதை வேக்யூம் போடும் அதே நேரத்தில் செய்வது வீண் வேலை. முந்தின மாலை சுவர், படி, ஏணிக்குப் பின்புறம் எல்லாம் தேய்த்துவிட்டு, இரவு மோட்டாரை நிறுத்திவைத்தால் எல்லாமே அடியில் வந்து உட்கார்ந்திருக்கும். காலையில் யாரும் குதிப்பதற்கு முன்னால் உறிஞ்சிவிடலாம். இலைகளை மட்டும் முதலில் வலையால் அள்ளிவிடுங்கள். ஒரு பெரிய இலை ஹோஸ் வளைவில் குறுக்கே நின்றால் போதும், இழுவை செத்துவிடும். மரத்தடிக் குளம் என்றால் ஹோஸின் நடுவில் மாட்டுகிற இலை டப்பா ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மோட்டார் கூடையை அடிக்கடி திறக்கிற வேலை மிச்சம்.

தண்ணீர் முழுக்கக் கலங்கி அடியே தெரியாத நிலையில் என்ன செய்வது? பாசியைக் கொன்றபின் தண்ணீர் பால் போல நின்றால், படிகார வகையைச் சேர்ந்த அலுமினியம் சல்பேட் போட்டு, மோட்டாரை நிறுத்தி ஓர் இரவு விட்டால் தூசி கட்டிகட்டியாகத் திரண்டு அடியில் படியும். காலையில் மெல்ல, மிக மெல்ல, வேஸ்ட் நிலையில் உறிஞ்ச வேண்டும். இதை மணல் ஃபில்டருக்கு அனுப்பினால் மணலே கட்டிப்போகும். வேஸ்ட் வழி இல்லாதவர்கள் இதைத் தொடாமல், ஃபில்டரில் சிக்கும் அளவுக்குத் துகள்களைச் சேர்த்துவைக்கும் கிளாரிஃபையரைக் குறைந்த அளவில் போட்டுச் சில நாள் பொறுத்திருப்பது மேல்.

ஃபில்டருக்கு வருவோம். அதன் மேலே இருக்கும் அழுத்தமானி பலர் கண்ணில் படுவதே இல்லை. மணலைக் கழுவியவுடன் முள் எங்கே நிற்கிறதோ, அந்த எண்ணைத் தொட்டி மேலேயே மார்க்கரால் எழுதிவைத்துவிட்டேன். அதிலிருந்து 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டி மணலைக் கழுவுவது) செய்ய வேண்டும், அதற்கு முன் வேண்டாம். ஓரளவு அழுக்குப் பிடித்த மணல்தான் நுண்ணிய தூசியை நன்றாகப் பிடிக்கும். தினமும் பேக்வாஷ் செய்கிறவர்கள் தங்கள் ஃபில்டரைத் தாங்களே பலவீனப்படுத்துகிறார்கள். பேக்வாஷ் முடிந்ததும் அரை நிமிடமாவது ‘ரின்ஸ்’ நிலையில் ஓட விட்டுவிட்டுத்தான் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்தால், குழாயில் தங்கிய அழுக்கு முதல் வேலையாகக் குளத்துக்குள் வரும். முள் வழக்கத்தைவிடக் கீழே நின்றால் அடைப்பு மோட்டாருக்கு முன்னால் இருக்கிறது: கூடை, ஸ்கிம்மர், ஹோஸ் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

மோட்டார் மூடியின் கண்ணாடி வழியாகக் குமிழிகள் தொடர்ந்து தெரிந்தால் எங்கேயோ காற்று நுழைகிறது. நீர்மட்டம் ஸ்கிம்மர் வாயின் பாதிக்குக் கீழே இருக்கிறதா, மூடியின் ரப்பர் வளையம் காய்ந்துவிட்டதா, ஹோஸில் ஊசி ஓட்டை இருக்கிறதா என்று இந்த மூன்றையும் பார்த்தாலே பெரும்பாலும் அகப்பட்டுவிடும். ரப்பர் வளையத்துக்கு சிலிகான் கிரீஸ் மட்டும் தடவுங்கள்; பெட்ரோலிய ஜெல்லி ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

இதெல்லாம் படிந்ததை எடுக்கிற கதை. வாராவாரம் செத்த பாசி அடியில் சேர்கிறது என்றால் வாராவாரம் பாசி முளைக்கிறது என்றுதானே அர்த்தம். அங்கே குளோரின் கணக்கு வருகிறது, அதற்கு முதலில் குளத்தின் கொள்ளளவு தெரிய வேண்டும். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். 8, 4, 1.5 என்றால் 48,000 லிட்டர். அதில் குளோரினை ஒரு பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) உயர்த்த 48 கிராம் சுத்தக் குளோரின் வேண்டும். 65 சதவீதப் பொடியில் அது சுமார் 74 கிராம்; 10 சதவீதத் திரவத்தில் ஏறக்குறைய அரை லிட்டர். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டால் ‘ரெண்டு குவளை போடு’ என்கிற குத்துமதிப்பு வேலை ஒழியும்.

கட்டற்ற குளோரின் (இன்னும் செலவழியாமல் இருப்பது) 1 முதல் 3 பிபிஎம், பிஎச் 7.2 முதல் 7.8, காரத்தன்மை (பிஎச் சட்டென்று மாறாமல் தாங்கும் திறன்) 80 முதல் 120 பிபிஎம் என்று வைத்துக்கொண்டால் வீட்டுக் குளத்துக்குப் போதும். இதில் பிஎச்சை அலட்சியம் செய்கிறவர்கள்தான் அதிகம். 7.5இல் குளோரினில் ஏறக்குறைய பாதிதான் கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8க்கு ஏறினால் அது கால்பங்காகச் சுருங்கிவிடும். அளவு சரியாகத்தான் போட்டேன், வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்கள் பிஎச்சைப் பார்க்க வேண்டும். சோதனைக்கான தண்ணீரை மேலாக அள்ளாமல், திரும்பும் துவாரத்திலிருந்து தள்ளி, முழங்கை ஆழத்தில் எடுங்கள். இன்னொன்று, டிபிடி சோதனையில் (குளோரின் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும் சோதனை) குளோரின் மிக அதிகமாக இருந்தாலும் இளஞ்சிவப்பு நிறம் தோன்றி உடனே வெளுத்துவிடும். பூஜ்யம் என்று நினைத்து மேலும் மேலும் கொட்டுவார்கள். சந்தேகம் வந்தால் மாதிரியைச் சுத்தத் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து மறுபடி சோதியுங்கள்.

குளத்தில் குளோரின் வாடை தூக்கலாக அடித்தால் குளோரின் அதிகம் என்று எல்லோரும் எண்ணுவார்கள். பெரும்பாலும் நேர்மாறு. வியர்வை, சிறுநீர் போன்றவற்றோடு சேர்ந்து செலவழிந்துபோன குளோரினின் வாடை அது; கண் எரிவதும் அதனால்தான். அப்படி அழுக்கோடு சேர்ந்த குளோரின் எவ்வளவோ அதைப் போல் பத்து மடங்கு குளோரின் கொடுத்தால்தான் அது உடையும்.

இப்போது மாத்திரைக் குளோரின். மிதவையில் போட்டுவிட்டால் தானே கரையும், வசதிதான், நானும் பயன்படுத்துகிறேன். வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும் சயனூரிக் அமிலம் அதிலேயே இருக்கிறது. 10 பிபிஎம் குளோரின் கொடுக்கும்போது அது சுமார் 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் சேர்த்துவிடும். நாளுக்கு 2 பிபிஎம் குளோரின் செலவாகிற குளத்தில் மாதத்துக்கு 36 பிபிஎம் ஏறும். குளோரின் செலவாகிவிடும், இது போகாது. ஆவியாகும் தண்ணீரோடும் போகாது, ஃபில்டரிலும் நிற்காது. 30 முதல் 50 வரை நல்லது. 100ஐத் தாண்டிவிட்டால் அது குளோரினை அடக்கிவிடுவதால், சோதனையில் 2 பிபிஎம் குளோரின் காட்டும்போதே நிழல் பக்கத்துச் சுவரில் பாசி பிடிக்கும். மாத்திரையை நம்பியிருக்கும் பல குளங்களில் மர்மமாகத் திரும்பத் திரும்ப வரும் அடித்தூசிக்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். இதைக் குறைக்க நடைமுறையில் தண்ணீரை மாற்றுவதுதான் வழி. வேஸ்ட் நிலையில் வேக்யூம் போட்டால் தண்ணீர் வீணாகிறதே என்று தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: போகிற தண்ணீர் சும்மா போவதில்லை, சயனூரிக் அமிலத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. எப்படியும் மாற்ற வேண்டிய தண்ணீரை அழுக்கோடு சேர்த்து வெளியேற்றுங்கள். ஆனால் குளோரின் உள்ள தண்ணீரைச் செடிகளுக்கோ மீன் உள்ள நீர்நிலைக்கோ திருப்பிவிடாதீர்கள்.

வேதிப்பொருள் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாத விதிகள் சில உண்டு. குளோரினையும் அமிலத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் நச்சு வாயு வரும். மாத்திரையும் பொடியும் இரண்டுமே குளோரின்தானே என்று ஒரே டப்பாவில், ஒரே மிதவையில் போட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். அள்ளும் கரண்டியைக்கூடப் பொதுவாக வைக்கக் கூடாது. எப்போதும் வாளித் தண்ணீரில் பொருளைப் போட வேண்டும்; பொருளின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

தானாக ஓடும் ரோபோ வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம். அதன் பெரிய நன்மை, அழுக்கு அதன் வயிற்றிலேயே தங்கிவிடுகிறது. குளத்து ஃபில்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எங்களுடையதோடு வந்த வலை, இலைக்கும் மணலுக்கும் சரியாக இருந்தது. பாசித் தூசியை மட்டும் அள்ளி அள்ளிப் பின்பக்கமாக விட்டுக்கொண்டே போனது. நுண்தூசிக்கான வலையைத் தனியாக வாங்கி மாட்டியபின்தான் உருப்படியாக வேலை செய்தது. ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்து வலையைக் கழுவ வேண்டும். அதிகக் குளோரின் போடும் நாட்களில் தண்ணீரிலேயே விட்டுவைத்தால் ரப்பரும் ஒயரும் சீக்கிரம் போகும். படிக்கட்டு, ஏணியடி, வட்டமான மூலைகள் இன்றும் கைவேலைதான்.

அதனால் பழைய ஹோஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேலை முடிந்ததும் தண்ணீரை வடித்து, இறுக்கமாகச் சுருட்டாமல் பெரிய வளையமாக நிழலில் மாட்டிவைத்தால் நெடுநாள் வரும். வெயிலில் கிடந்தால் மடிப்புகளில் வெடிக்கும். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, நீர் நிரப்பிய ஹோஸைத் தரையில் நீட்டி ஒரு முனையை அடைத்து மறுமுனையில் குழாய்த் தண்ணீர் விட்டால் கசியும் இடம் தெரிந்துவிடும். முனைக்குப் பக்கத்தில் வெடித்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு முனையைத் திருகி மாட்டலாம். நடுவில் வெடித்திருந்தால் டேப் சுற்றி நேரத்தை வீணாக்காமல் புதிதாக வாங்கிவிடுங்கள்.